தவணை காத்த எழுத்தாளர்

எழுத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ்வோரை வேலைக்கு அழைக்கும் மணியும் இல்லை. மேற்பார்க்கும் தலைவரும் இல்லை. ஆயினும், குறித்த நாளில் நூலை முடித்துக் கொடுக்கும் கடமை அவர்க்கு உண்டு. அக்கடமையின் அருமையை உருசிய நாட்டுப் பேரெழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கியின் வாழ்க்கை இனிது விளக்குகின்றது.

அவர் 1821ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் பிறந்தார். இளமையிலேயே எழுத்தாற்றலால் புகழ் எய்தினார். அரசுக்கு மாறான கருத்துடையோருடன் பழகியமையால் 1849இல் சிறைப்பட்டு, சைபீரியாவில் நான்கு ஆண்டுகள் கடுங்காவலில் துன்புற்றார். 1864இல் அவருடைய மனைவியாரும் தமையனாரும் அடுத்தடுத்து மறைந்தனர். தமையனார் விட்டுச்சென்ற கடன்களை அவர் தாமே ஏற்றுக்கொண்டார். சூதாட்டத்தில் அவருக்கிருந்த பற்று அவ்வறுமையை மேலும் பெருக்கியது.

கடன்காரர் நெருக்கவே, 1865இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவல் ஒன்றைத் தருதல் வேண்டும். தவறினால், ஒன்பது ஆண்டுகள் அவர் எழுதுவனவற்றையெல்லாம் ஊதியம் கொடாமலே பதிப்பாளர் வெளியிடலாம். இதுவே நிபந்தனை.

அவ்வாண்டு முழுவதும் அவர் 'குற்றமும் தண்டனையும்' என்னும் பெருநாவலைத் திங்கள் இதழொன்றிற்குத் தொடர்ந்து எழுதி வந்தார். ஒரு பணியில் மூழ்கியதால் மற்றொன்று நின்றுபோயிற்று. அக்டோபர் மாதம் பிறந்தபோது, தரவேண்டிய நாவலில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தர முன்வந்தனர். பிறர் எழுத்தில் தம் பெயரைப் பொறிக்க அவர் இசைந்தாரில்லை.

பின்னர், சுருக்கெழுத்துப் பயின்ற அன்னா என்னும் இருபது வயது நங்கையைத் துணையாகப் பெற்றார். இரவில் அவர் கதையைச் சிந்தித்துக் குறித்துக்கொள்வார். நண்பகலுக்குப்பின் வாய்மொழியாகச் சொல்வார். அன்னா அதனைச் சுருக்கெழுத்தில் எழுதிச் சென்று, வீட்டில் விரித்தெழுதி மறுநாள் கொணர்வார். முடிந்த பக்கங்களை நாள்தோறும் எண்ணிப் பார்த்தனர்; எண்ணிக்கை பெருகப் பெருக ஊக்கமும் பெருகிற்று. இவ்வாறு 26 நாள்களில் 'சூதாடி' என்னும் நாவல் உருப்பெற்றது.

இடர் அத்துடன் நீங்கவில்லை. தவணை நாளன்று பதிப்பாளர் ஊரில் இல்லை. அவருடைய அலுவலர் கையெழுத்துப் படியை ஏற்க மறுத்தார். தாஸ்தயெவ்ஸ்கி மனந்தளராது காவல் நிலையத்தில் அதனை ஒப்படைத்து, நாளும் நேரமும் குறித்த பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டார். அப்போது தவணை முடிய இரண்டு மணி நேரமே எஞ்சியிருந்தது. அவருடைய நூலுரிமை பிழைத்தது.

1867இல் அன்னா அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார், கணக்குகளைச் சீர்செய்தார், பின்னாளில் கணவரின் நூல்களைத் தாமே பதிப்பித்தார். 1871க்குப்பின் தாஸ்தயெவ்ஸ்கி சூதாட்டத்தை அறவே கைவிட்டார். 1881இல் அவர் மறையுமுன் பழைய கடன்கள் தீர்ந்தன.

மாணவர்களே! தாங்கவொண்ணா நிபந்தனைக்கு உடன்படுதல் அறிவுடைமை ஆகாது. உடன்பட்டபின், எஞ்சிய நாள்களை எண்ணி, வேலையைப் பகுத்து, நேர்மை வழுவாது முடித்தலே ஆண்மை. பேராற்றல் படைத்தவரையும் காத்தது நாள்தோறும் தவறாது செய்த சிறு பணியே என்பதை நினைவிற் கொள்வீராக.