சிந்தாமணியும் சாமிநாதையரும்

1855இல் தோன்றிய உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையர், திருவாவடுதுறை ஆதீனச் சூழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே முன்சீபு சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி கற்றதுண்டா என வினவினார். இல்லை என்றே சொல்ல நேர்ந்தது.

அந்நாளில் அந்நூலின் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகமே அச்சில் கிடைத்தது. ஆங்கிலேயர் ஆண்ட அக்காலத்தில், 1868இல் அதனை வெளியிட்டவரும் பவர் என்னும் கிறித்தவப் பாதிரியாரே. சேக்கிழார் புராணத்தின் வாயிலாகச் சிந்தாமணியைப் பழித்துக் கேட்டிருந்த சைவரோ அதனைத் தீண்டவும் தயங்கினர்.

ஐயருக்குச் சொற்பொருள் விளங்கியது, சமயப்பொருள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடினார். சந்திரநாத செட்டியார் அவரை அப்பாசாமி நயினார் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அன்று வாயிலில் மாவிலைத் தோரணமும் மாக்கோலமும் விளங்கின. திருமணம் போலும் என்று ஐயர் எண்ணினார். ஆறு திங்களாக நிகழ்ந்த சிந்தாமணி படனம் அன்று நிறைவெய்தியது என்றனர். புலவர் மறந்த காப்பியம் நம்மவர் இல்லங்களில் விழாவாக வாழ்ந்திருந்தது!

பின்னர் நாள்தோறும் அங்கே சென்று ஐயங்களை வினவினார். ஆர்வத்தைக் கண்ட அவ்வில்லத்து அம்மையார் ஒருவர், இவர் பவ்விய சீவராதல் வேண்டும் என வியந்தாராம். வேதியர் ஒருவர்க்கு நம் குலமாதர் அளித்த பட்டம் அது. அரசு அளித்த மகாமகோபாத்தியாயப் பட்டம் 1906இல்தான் வந்தது.

சைன நூலுக்கு இத்துணை உழைப்பா என்று குறைகூறியோரும் உளர். அவர் பொருட்படுத்தவில்லை. 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி முழுவதும் அச்சேறியது.