பெயிலான மாணவர் போட்ட மனு



நவம்பர் 14 என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நேரு மாமா, ரோஜாப்பூ, மிட்டாய், குழந்தைகள் தினம். சரிதான். ஆனால் அதே நாள்தான் உலக நீரிழிவு நோய் தினமும். ஏன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு தெரியுமா? அன்றைக்கு ஒருத்தருக்குப் பிறந்தநாள். அவர் கல்லூரியில் முதல் வருஷமே பெயிலானவர். பிறகு டாக்டருக்குப் படிக்க மனு போட்டவர். அவர் பெயர் பிரெடரிக் பான்டிங்.

இவரைப் பற்றி நான் எழுத ஒரு காரணம் இருக்கு. எங்க பாட்டிக்கு சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போடுவது என் வேலை. போன வாரம் காலாண்டுத் தேர்வுப் பேப்பர் கொடுத்தாங்க. உயிரியலில் நல்ல மார்க். இயற்பியலில் பெயில். டாக்டர் ஆகணும்கிற ஆசையை மூட்டை கட்டி வெச்சுடலாம்னு நினைச்சேன். அந்த நேரத்தில்தான், தினமும் நான் கையில் எடுக்கும் மருந்தைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கையைப் படித்தேன்.

விவசாயி மகன்

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணம். அங்கே அலிஸ்டன் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் 1891 நவம்பர் 14 அன்று பான்டிங் பிறந்தார். அப்பா விவசாயி. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

1910-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டோரியா கல்லூரியில் கலைப் பாடப்பிரிவில் சேர்ந்தார். முதல் ஆண்டுத் தேர்வில் தோல்வி. வீட்டில் என்ன சொல்லியிருப்பாங்க, ஊரில் என்ன பேசியிருப்பாங்கன்னு நாமே கற்பனை பண்ணிக்கலாம். எல்லா ஊரும் நம்ம ஊர் மாதிரிதானே!

ஆனால் அவர் ஊருக்குத் திரும்பி ஏர் பிடிக்கப் போகவில்லை. 1912-இல் தன்னை மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி மனு போட்டார். யாரிடம்? அதே டொராண்டோ பல்கலைக்கழகத்திடம்! அவர் பெயிலான கணக்கு அங்கேயேதான் இருந்தது. அதை மறைக்க வழியே இல்லை. இருந்தும் கேட்டார். மனு ஏற்கப்பட்டது. அந்த வருஷம் செப்டம்பரில் மருத்துவ மாணவர் ஆனார்.

அப்புறம் முதல் ரேங்க் வாங்கினாரான்னு கேட்டால், இல்லை. அங்கேயும் நடுத்தர மாணவர்தான். முதல் உலகப்போர் வந்ததும் ராணுவத்தில் சேரப் போனார். கண்பார்வை சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. திரும்பவும் முயற்சி செய்து சேர்ந்தார். போருக்கு டாக்டர்கள் தேவைப்பட்டதால் அவர் வகுப்புக்குப் படிப்பைச் சுருக்கி, 1916 டிசம்பரிலேயே பட்டம் கொடுத்தார்கள். 1918-இல் பிரான்சில் கம்பிரே என்ற இடத்தில் நடந்த சண்டையில் குண்டுத் துண்டு பட்டு அவர் கையில் காயம். அந்தக் காயத்தோடும் பல மணி நேரம் மற்ற வீரர்களுக்கு சிகிச்சை கொடுத்தார். அதற்காக 1919-இல் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது.

ஆள் வராத கிளினிக்

ஊர் திரும்பியதும் நல்ல காலம் வந்ததா? அதுவும் இல்லை. டொராண்டோவில் அவர் பயிற்சி பெற்ற குழந்தைகள் மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1920 ஜூலையில் லண்டன் என்ற ஊரில் கிளினிக் திறந்தார். (இது இங்கிலாந்து லண்டன் இல்லைங்க. ஒன்டாரியோவிலேயே அந்தப் பெயரில் ஒரு ஊர் இருக்கு.) நோயாளி வருவாரா வருவாரான்னு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதல் மாத வருமானம் 4 டாலர்! செலவுக்குக் கட்டுப்படியாகாமல் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் நடத்தப் போனார்.

அக்டோபர் கடைசியில் ஒரு வகுப்புக்காகச் சர்க்கரைச் சத்து உடம்பில் எப்படிச் செலவாகிறது என்று படித்துக்கொண்டிருந்தார். கணையத்தைப் பற்றிய ஒரு கட்டுரையும் கையில் கிடைத்தது. தூக்கம் வரவில்லை. நள்ளிரவு தாண்டி எழுந்து நோட்டில் ஒரு யோசனையைக் குறித்து வைத்தார். கணையத்தின் நாளத்தைக் கட்டிவிட்டால், செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிப் போகும். மீதிப் பகுதியிலிருந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளைப் பிரித்தெடுக்கலாம். இதுதான் யோசனை. அதை எழுதும்போது டயாபடீஸ் என்ற வார்த்தையையே ஸ்பெல்லிங் தப்பாகத்தான் எழுதினார்!

நாலு பேர் உழைப்பு

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மக்லவுட் என்ற பேராசிரியர் இருந்தார். சர்க்கரை நோயில் பெரிய நிபுணர். பான்டிங் அவரைப் போய்ப் பார்த்தார். ஆராய்ச்சி அனுபவமே இல்லாத இந்த இளைஞரை அவர் முதலில் பெரிதாக நம்பவில்லை. ஆனாலும் ஆய்வுக்கூடமும் பத்து நாய்களும் உதவிக்கு சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவரையும் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை ஆரம்பமானது. கோடை வெயில். தவறுகள் நடந்தன. பல நாய்கள் இறந்தன. இதையும் நாம் மறக்கக் கூடாது. ஜூலை கடைசியில் கணையச் சாறு செலுத்திய ஒரு நாய்க்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது.

அந்தச் சாற்றை மனிதருக்குப் போடும் அளவுக்குச் சுத்தப்படுத்த வேண்டுமே? அதற்காக டிசம்பரில் காலிப் என்ற வேதியியல் அறிஞர் சேர்ந்தார். நாளத்தைக் கட்டும் வேலையே தேவையில்லை, மாட்டுக் கணையத்திலிருந்து நேராகவே எடுக்கலாம் என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. ராத்திரி எழுதிய யோசனை முழுக்க சரியில்லை. ஆனால் அது இல்லாமல் இந்த வேலை ஆரம்பித்திருக்காது.

அந்தக் காலத்தில் சிறுவர்களுக்கு சர்க்கரை நோய் வந்தால் பெரும்பாலும் ஓரிரண்டு வருஷம்தான் உயிர். ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்கப் பட்டினி போடுவாங்க. 1922 ஜனவரி 11. டொராண்டோ மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். நம்ம வயசு! எலும்பும் தோலுமாய், எடை 30 கிலோ கூட இல்லை. முதல் ஊசியில் பெரிய பலன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. காலிப் ராப்பகலாக உழைத்து மருந்தை மேலும் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-இல் இரண்டாவது ஊசி. 520 இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120-க்கு வந்தது! தாம்சன் அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தார்.

கண்டுபிடித்தவர்கள் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆனால் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடமே கொடுத்துவிட்டார்கள்.

1923-இல் பான்டிங்குக்கும் மக்லவுட்டுக்கும் நோபல் பரிசு. பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று பான்டிங்குக்குக் கோபம். தன் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லவுட்டும் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். மருத்துவ நோபல் வாங்கியவர்களில் இன்று வரை வயதில் சிறியவர் பான்டிங்தான். மனு போட்டு சீட் வாங்கிய வருஷம் 1912. நோபல் வாங்கிய வருஷம் 1923. நடுவே பதினொரே வருஷம்!

1941 பிப்ரவரியில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் இங்கிலாந்துக்குக் கிளம்பிய விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. பான்டிங் இறந்தார். வயது 49.

எனக்குத் தோன்றியது

இதைப் படிச்சுட்டு, மார்க்கே வேண்டாம், பெயிலானாலும் டாக்டர் ஆகலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. (ஆசிரியர்கள் என்னைத் தேடுவாங்க!) அது 1912. இன்றைக்கு நம்ம ஊரில் மனு எழுதினால் மருத்துவ சீட் தர மாட்டாங்க. நீட் எழுதணும். பிளஸ் டூவில் இயற்பியலும் பாஸ் பண்ணணும். அதனால் நான் இயற்பியல் புத்தகத்தை மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிச்சுட்டேன்.

ஆனால் ஒண்ணு புரிஞ்சது. ஒரு தேர்வின் மார்க், அந்தத் தேர்வை எப்படி எழுதினோம்னு மட்டும்தான் சொல்லும். அடுத்து என்ன செய்யப் போறோம்னு அதுக்குத் தெரியாது. பான்டிங் கேட்காமலே ஒதுங்கியிருந்தால் யாரும் அவரைக் கூப்பிட்டு சீட் கொடுத்திருக்க மாட்டாங்க. பெயிலான பையன்தானேன்னு அந்த மனுவை ஓரமாய்ப் போடாமல், சரி, வந்து படி என்று சொன்னவர்களுக்கும் ஒரு பெரிய வணக்கம் போடணும். அவங்களும் இன்சுலினில் ஒரு பங்குதான்.

உங்களுக்குத் தெரியுமா?

* இரவில் எழுந்து யோசனையை எழுதிய லண்டன் வீடு இப்போது அருங்காட்சியகம். அதன் வெளியே 1989-இல் ஏற்றிய நம்பிக்கைச் சுடர் எரிகிறது. நீரிழிவை முழுதாகக் குணப்படுத்தும் வழி கிடைக்கும் நாளில்தான் அதை அணைப்பார்களாம்.
* அன்று மாடு, பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை இன்று பாக்டீரியா, ஈஸ்ட் மூலம் தயாரிக்கிறார்கள்.
* பான்டிங் நன்றாக ஓவியமும் வரைவார்.

மணி ஆகுது. பாட்டிக்கு ஊசி போடணும். வரட்டுமா?

– பதினோராம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு