ஜான் பிரௌனிங்

ஜான் மோசஸ் பிரௌனிங் (ஜனவரி 23, 1855 - நவம்பர் 26, 1926) அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். சட்டைப்பையில் அடங்கும் அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கிகளுக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர். தம் வாழ்நாளில் 128 காப்புரிமைகளைப் பெற்றார்.

பிறப்பும் இளமையும்

யூட்டா நிலப்பகுதியின் ஓக்டன் நகரில் மோர்மன் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஜொனாதன் பிரௌனிங் துப்பாக்கி செய்யும் கொல்லர். தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்ற ஜான், 1879 இல் தமது முதல் காப்புரிமையைப் பெற்றார். அந்தத் துப்பாக்கியின் உரிமையை 1883 இல் வின்செஸ்டர் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதன் பின்னர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்நிறுவனத்துக்கு வடிவங்களை வழங்கினார்.

தன்னியக்க அமைப்பு

துப்பாக்கி சுடப்படும்போது குழல்வாயிலிருந்து வெளிப்படும் வாயு அருகிலுள்ள புற்களைச் சாய்ப்பதை 1889 ஆம் ஆண்டளவில் பிரௌனிங் கவனித்தார். வீணாகும் இந்த ஆற்றலைக் கொண்டு அடுத்த தோட்டாவை ஏற்றலாம் என எண்ணி, ஆய்வுகளில் ஈடுபட்டார்.

சிறிய கைத்துப்பாக்கிகளில் இவர் பயன்படுத்திய முறை எளிமையானது. வெடிப்பின் அழுத்தம் தோட்டாவின் வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ளும். அதனுடன் 'சிலைடு' எனப்படும் மேற்பகுதியும் பின்னே நகர்ந்து கூட்டை வெளியேற்றும். பின்பு சுருள்வில் சிலைடை முன்னே தள்ள, அடுத்த தோட்டா குழலில் ஏறும். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டதால், சுழல் துப்பாக்கியில் உள்ள பருத்த உருளை தேவைப்படவில்லை. எனவே துப்பாக்கி தட்டையாக அமைந்தது.

சட்டைப்பைத் துப்பாக்கிகள்

பெல்ஜியத்தின் எஃப்.என் நிறுவனத்துடன் 1897 இல் பிரௌனிங் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன் வழியே வெளிவந்த 1900 ஆம் ஆண்டு மாதிரி 7.65 மி.மீ தோட்டாவைப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1903 இல் மற்றொரு சட்டைப்பை மாதிரியை வெளியிட்டது. அடுத்து வந்த 6.35 மி.மீ மாதிரி ஏறத்தாழ 11 செ.மீ நீளமே கொண்டது. 1914 க்குள் எஃப்.என் தயாரித்த பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் பத்து இலட்சத்தை எட்டின. பிரெஞ்சு மொழியில் 'பிரௌனிங்' என்பது கைத்துப்பாக்கியைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே வழங்கியது.

அரசியல் கொலைகள்

எளிதில் மறைத்து எடுத்துச் செல்லக்கூடியதாக இருந்ததால் இத்துப்பாக்கி அரசியல் கொலைகளிலும் இடம்பெற்றது. 1904 இல் எல்சிங்கி நகரில் உருசிய ஆளுநர் பாப்ரிக்கோவ் 1900 மாதிரியால் சுடப்பட்டார். ஜூன் 17, 1911 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனிடம் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் துப்பாக்கியே. ஜூன் 28, 1914 அன்று சாரயேவோவில் ஆத்திரிய இளவரசர் பிரான்சு பேர்டினண்டையும் அவர் மனைவி சோபியையும் காவ்ரீலோ பிரின்சிப் 1910 மாதிரியால் சுட்டுக் கொன்றார். இதையடுத்து முதலாம் உலகப் போர் மூண்டது. அப்போரில் செருமானியப் படைகள் பெல்ஜியத்தில் நுழைந்தபோது, அந்தத் துப்பாக்கியைச் செய்த தொழிற்சாலையும் அவர்கள் வசமானது.

பிற்காலம்

பிரௌனிங்கின் எம்1911 கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911 இல் ஏற்றுக்கொண்டது. 1926 இல் பெல்ஜியத்தின் லியேஜ் அருகேயுள்ள எஃப்.என் தொழிற்சாலையில் பணியிலிருந்தபோது மாரடைப்பால் காலமானார். அவர் முடிக்காமல் விட்ட கைத்துப்பாக்கியைத் தியூதொன்னே சைவ் நிறைவுசெய்தார். அது 1935 இல் 'ஹை-பவர்' என்னும் பெயரில் வெளிவந்தது.