காட்டைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தவர்: யார் இந்த மா. கிருஷ்ணன்?

கென்யாவின் அம்போசெலி சமவெளி. பின்னால் கிளிமஞ்சாரோ மலை, முன்னால் தூசி கிளப்பி நடக்கும் யானைக் கூட்டம். நிறமே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம். இன்ஸ்டாகிராமில் இப்படி ஒன்றைப் பார்த்து உங்கள் விரலும் கொஞ்சம் நின்றிருக்கும். ஃபைன் ஆர்ட் போட்டோகிராஃபி என்ற பெயரில் இந்த மாதிரிப் படங்கள் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்கின்றன.

சரி, இதே மாதிரி யானைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் படமெடுத்தார், அதுவும் தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டில் என்றால் நம்புவீர்களா? அவர்தான் மா. கிருஷ்ணன்.

எங்கிருந்து வந்தார்?

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா யார் தெரியுமா? பத்மாவதி சரித்திரம் நாவலை எழுதிய அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி. 1925-ல் அப்பா இறந்தபோது அவருக்கு வயது 13.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். பிறகு சட்டமும் படித்தார். பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் செடிகொடிகளைத் தேடி அலைந்ததும், பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றதும் அந்த நாள்களில்தான். கேமராவுக்குப் பின்னால் நின்ற கண், முதலில் செடிகளைப் பார்த்தும் ஓவியம் வரைந்தும் பழகிய கண்.

1942-ல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னை திரும்பினார். அதற்குப் பிறகு மாதச் சம்பள வேலை பக்கமே போகவில்லை. எழுத்தும் படமும்தான் பிழைப்பு. குடும்பம் இருக்கிற ஒருவருக்கு இது சின்ன முடிவு இல்லை.

அவர் படங்களில் என்ன சிறப்பு?

முதலில், நிறம். கலர் ஃபிலிம் வந்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. இரண்டாவது, கேமரா. விலை உயர்ந்த புது கேமரா இல்லை. வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து அமைத்த ஒரு கனமான கருவி. அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கால்நடையாகவும் பழக்கிய யானை மேல் ஏறியும் காட்டுக்குள் போனார்.

மூன்றாவதுதான் முக்கியம். விலங்கின் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அவருக்குப் போதாது. அது எந்தப் புல்லில் மேய்கிறது, எந்த மரத்தடியில் நிற்கிறது, கூட்டத்தில் யார் பக்கத்தில் யார் என்பதும் படத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் அவை அழகோடு ஆவணமாகவும் நிற்கின்றன. 1968-ல் கிடைத்த நேரு ஆய்வு நிதியுதவியோடு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரை எந்த விலங்கு எங்கே எப்படி வாழ்ந்தது என்பதை அவர் எழுதிய நூல் இன்றும் சொல்லும். காடு சுருங்கிய பிறகு இந்தப் பதிவை யாராலும் திரும்ப எடுக்க முடியாது, இல்லையா?

எழுத்தில்?

கல்கத்தாவின் தி ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950-ல் ஒரு பத்தி தொடங்கினார். புலியும் யானையும் மட்டுமல்ல, வீட்டுப் பல்லி, காகம், அணில் எல்லாமே அதில் வந்தன. 46 ஆண்டுகள் நிற்கவில்லை. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் காலமானார். கடைசிப் பத்தி வெளியானதும் அதே நாளில்தான். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாக்கினார்.

நமக்கு இதில் என்ன?

சஃபாரிக்குப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸ் மின்கம்பியில் உட்காரும் மைனாவிலேயே ஆரம்பிக்கலாம். கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் பக்கம் போனால், புக்கிட் மெலாவத்தியில் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் இருக்கின்றன. அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது ஆரஞ்சு நிறம்! எல்லாரும் தீனி நீட்டி, கிட்டே வரவழைத்து செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் எதுவும் கொடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். எந்த இலையைத் தின்கின்றன? குட்டியை யார் யார் தூக்குகிறார்கள்? பிறகு கைப்பேசியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒரு படம் எடுங்கள். அந்த ஆரஞ்சு மறைந்துபோகும். நிறம் போன பிறகும் உங்கள் படத்தில் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.