இதயத் துடிப்பைக் கம்பி வழியே அனுப்பிய மருத்துவர்: வில்லெம் ஐந்தோவனின் வாழ்க்கை

கேம்பல் பே:

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து, போர்ட் பிளேர் என்று அறியப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தை அடைய 500 கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைக் கடக்க வேண்டும். தெற்கே உள்ள சுமத்ராவோ 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் ராணுவத்தினர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். காட்டைத் திருத்தி ஊராக்கிய அந்தத் தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் முதியவர்கள்.

பெரிய மருத்துவமனை கடலுக்கு அப்பால் இருக்கும் இத்தகைய ஊரில், முதியவர் ஒருவர் மூச்சுத் திணறலுடன் சுகாதார நிலையத்துக்கு வந்தால், அவருடைய இதயத்தின் நிலையை முதலில் காட்டுவது இசிஜி தாள்தான். அந்தத் தாளில் ஓடும் கோட்டை மருத்துவ உலகுக்கு அளித்தவர் வில்லெம் ஐந்தோவன். நாட்டால் டச்சுக்காரர் எனினும், அவர் பிறந்தது கேம்பல் பேக்குத் தென்கிழக்கே உள்ள ஜாவா தீவில்.

1860-ஆம் ஆண்டு மே 21 அன்று, டச்சு ஆட்சியின் கீழிருந்த ஜாவாவின் செமராங் நகரில் ஐந்தோவன் பிறந்தார். தந்தை ஜேக்கப் அங்கே மருத்துவராகப் பணியாற்றினார். வில்லெமுக்கு ஆறு வயதானபோது தந்தை காலமானார். ஆறு குழந்தைகளுடன் தனித்து நின்ற தாய் லூயிஸ், 1870-இல் அனைவரையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

குடும்பத்தில் மருத்துவப் படிப்புக்குப் பணம் இல்லை. படிப்பு முடிந்ததும் கிழக்கிந்தியத் தீவுகளில் ராணுவ மருத்துவராகப் பணிபுரிவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, அரசின் உதவித்தொகையில் ஐந்தோவன் படித்தார். அந்த ஒப்பந்தப்படி நடந்திருந்தால் அவர் ஜாவாவுக்கே திரும்பியிருப்பார். ஆனால் 1885-இல் முனைவர் பட்டம் பெற்ற அவருக்கு, 25 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் பதவி கிடைத்தது.

இதயம் துடிக்கும்போது நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர், மனித உடலின் மேற்பரப்பிலிருந்தே அதைப் பதிவு செய்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாசல் நகரில் நடந்த உடலியலாளர் மாநாட்டில் வாலரின் செயல்முறை விளக்கத்தை ஐந்தோவன் நேரில் கண்டார். வாலரின் கருவியில் பாதரசம் நிரம்பிய நுண்குழாய் இருந்தது. இதயத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதரசம் பின்தங்கியதால், பதிவான கோட்டைக் கணக்கிட்டுத் திருத்தியாக வேண்டியிருந்தது. லைடன் ஆய்வகத்துக்கு வெளியே கல் பாவிய தெருவில் குதிரை வண்டி சென்றாலே கருவி அதிர்ந்தது என்றும், அதைத் தடுக்கத் தரையைத் தோண்டிப் பாறைகளை நிரப்பியும் பயனில்லை என்றும் சொல்லப்படுகிறது.

ஆயினும் அந்தக் குறையுள்ள கருவியைக் கொண்டே, 1895-இல் அலைகளுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்று அவர் பெயரிட்டார். செவிலியர் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இன்றும் கற்பிக்கப்படுபவை அதே ஐந்து எழுத்துகள்தான்.

பாதரசத்தைக் கைவிட்ட ஐந்தோவன், 1901-இல் இழைக் கால்வனோமீட்டரை உருவாக்கினார். உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து, அது பறக்கும் வேகத்தில் முடியைவிட மெல்லிய இழையாக நீளச் செய்து, அதன்மேல் வெள்ளி பூசி, வலுவான மின்காந்தத்தின் நடுவே நிறுத்துவது அவர் கையாண்ட முறை. இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது இழை அசையும். அந்த அசைவின் நிழல் ஒளிப்படத் தகட்டில் பதிவாகும். கருவியின் எடை சுமார் 270 கிலோ. அது இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அமர வேண்டும்.

இத்தனை பெரிய கருவியை நோயாளியிடம் கொண்டு செல்ல முடியாது. இதய நோயாளியை மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்குத் தூக்கி வருவதும் ஆபத்தானது. ஆகவே நோயாளியைப் படுக்கையிலேயே விட்டுவிட்டு, அவருடைய இதயத்தின் மின்னோட்டத்தை மட்டும் வரவழைத்தார் ஐந்தோவன். 1905 மார்ச் 22 அன்று, லைடன் மருத்துவமனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே ஒரு மனிதரின் இதயப் பதிவு வந்து சேர்ந்தது. தொலைமருத்துவம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்த நிகழ்வு இது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் இதய அறைகளின் வீக்கம், தப்பித் துடித்தல், முழுமையான இதய அடைப்பு ஆகியவற்றின் பதிவுகள் வரிசையாக இடம்பெற்றன.

ஆனால் ஐந்தோவன் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அல்லர். கோடுகளைத் துல்லியமாகப் பதிவு செய்வது அவர் பணி. அவற்றை நோயுடன் பொருத்திப் படித்தறிவது வேறொரு பயிற்சி. அந்தப் பயிற்சியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் லண்டனின் தாமஸ் லூயிஸ். முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதும், பக்கவாதத்துக்கு இட்டுச் செல்வதுமான ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பை இசிஜி பதிவுகளைக் கொண்டு 1909-இல் தெளிவுபடுத்தியவர்களுள் அவரும் ஒருவர். 1911-இல் வெளிவந்த தம் நூலை ஜேம்ஸ் மெக்கன்சிக்கும் ஐந்தோவனுக்கும் அவர் காணிக்கையாக்கினார். 1913-இல் மருத்துவர்களுக்கான கைந்நூல் ஒன்றையும் எழுதினார். அவரிடம் பயின்ற அமெரிக்க மருத்துவர் பால் டட்லி ஒயிட், அந்தக் கலையைப் பாஸ்டனுக்குக் கொண்டு சென்றார். பின்னாளில் நோபல் உரை நிகழ்த்தியபோது, லூயிஸின் பங்களிப்பை ஐந்தோவன் வெளிப்படையாகப் பாராட்டினார். கண்டுபிடிப்பாளர்கள் எல்லோரிடமும் இந்தப் பெருந்தன்மையைக் காண முடிவதில்லை.

கருவியும் கம்பியும் இருந்தால் மட்டும் போதாது என்பது இன்றைய கேம்பல் பேக்கும் பொருந்தும். சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் கடலடிக் கண்ணாடியிழை வடம் அமைக்கப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. கிரேட் நிக்கோபாரும் அதன் வழியே இணைக்கப்பட்டது. இசிஜி தாளின் படம் ஒன்று தீவிலிருந்து சென்னையை அடைய இப்போது சில நொடிகள் போதும்.

ஆனால் அந்தப் பதிவை எடுக்க வேண்டும் என்று யாருக்கேனும் தோன்ற வேண்டும். மாரடைப்பு ஏற்பட்ட முதியவர்கள் பலருக்கு நெஞ்சுவலியே வருவதில்லை. சோர்வு, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், திடீர் மனக்குழப்பம் என்று அது வேறு உருவில் வருகிறது. நீரிழிவு உள்ளவர்களிடம் இன்னும் மறைந்து வருகிறது. உடம்பு அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும் 80 வயதுக்காரருக்கு உடனே இசிஜி எடுக்கும் செவிலியர், கருவியால் உருவாவதில்லை, பயிற்சியால் உருவாகிறார். தொலைதூரத்தில் உள்ள நிபுணரின் வேலை அந்த முதல் சந்தேகத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இது எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 35 சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களுடன் இணைத்து, இசிஜி பதிவை அனுப்பும் வசதியையும் பணியாளர்களுக்குப் பயிற்சியையும் ஒருங்கே அளித்த ஸ்டெமி திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. கடும் மாரடைப்புக்கு ஆளான 2,420 பேரை உள்ளடக்கிய அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தோரின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ஐந்தோவனின் கருவியைக் கேம்பிரிட்ஜ் நிறுவனம் ஒன்று விற்பனைக்குத் தயாரித்தது. சார்லஸ் டார்வினின் மகன் ஹோரேஸ் டார்வினின் நிறுவனம் அது. மருத்துவமனைகள் மெல்ல மெல்ல அதை வாங்கத் தொடங்கின. 1924-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஐந்தோவன் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசுத் தொகை கைக்கு வந்ததும், கருவியை உருவாக்க உதவிய தம் பழைய உதவியாளர் வான் டெர் வூர்டைத் தேடினார் என்றும், அவர் இறந்துவிட்டதை அறிந்து, வறுமையில் வாடிய அவருடைய இரு சகோதரிகளுக்குத் தொகையில் பாதியைக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுவதுண்டு.

இறுதி ஆண்டுகளில், மின்பொறியாளரான தம் மகனுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் இயங்கும் புதிய இழைக் கால்வனோமீட்டரை அவர் உருவாக்கினார். ஜாவாவிலிருந்து வரும் வானொலித் தந்திச் சமிக்ஞைகளைப் பெற அது பயன்பட்டது. 1927 செப்டம்பர் மாத இறுதியில், 67-ஆவது வயதில், லைடன் நகரில் ஐந்தோவன் காலமானார். அருகிலுள்ள ஊக்ஸ்ட்கேஸ்ட் ஊரின் தேவாலய வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தந்தை பிறந்த ஜாவா தீவுக்கே சென்ற மகன், பாண்டுங் நகர வானொலி ஆய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.