ஃபாலோயர் கணக்கா, பட்டாணிக் கணக்கா? - கிரெகர் மெண்டலின் கதை

ஒரு பதிவு போட்டு, பத்து நிமிஷத்தில் நாலு லைக்கூட வரவில்லையென்றால் நமக்கு மனசு வாடிவிடுகிறது. எட்டு வருஷம் உழைத்து எழுதிய ஒரு கட்டுரையை அடுத்த 34 வருஷம் கிட்டத்தட்ட ஒருவருமே கண்டுகொள்ளவில்லை என்றால் எப்படி இருக்கும்? பள்ளி அறிவியல் புத்தகத்தில் பட்டாணிச் செடியோடு நாம் சந்தித்த கிரெகர் மெண்டலுக்கு அதுதான் நடந்தது.

தங்கை கொடுத்த சீதனப் பணம்

1822 ஜூலையில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஹைன்சென்டார்ஃப் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் மெண்டல். அந்த ஊர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. வேலையின்போது அப்பாவுக்குப் பலத்த அடிபட, வீட்டில் வருமானம் சுருங்கியது. டியூஷன் எடுத்துத்தான் மெண்டல் படித்தார். ஒரு கட்டத்தில் அதுவும் போதவில்லை. அப்போது தங்கை தெரேசியா, தன் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தார்.

1843-ல் புரூன் நகரத்து (இன்றைய பர்னோ) மடத்தில் சேர்ந்தார். சோற்றுக் கவலை இல்லாமல் படிக்க அவருக்குத் தெரிந்த வழி அது. யோஹான் என்ற பெயர் கிரெகர் ஆனது அங்கேதான்.

ரெண்டு முறை ஃபெயில்!

நிரந்தர ஆசிரியர் ஆவதற்கான தேர்வை 1850-ல் எழுதினார். தேறவில்லை. மடம் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. இயற்பியலும் கணக்கும் தாவரவியலும் கற்றுத் திரும்பினார். 1856-ல் மறுபடி முயன்றார். அப்போதும் தேறவில்லை. கடைசி வரை தற்காலிக ஆசிரியராகத்தான் பாடம் நடத்தினார்.

அதே 1856-ல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அப்படி என்னதான் செய்தார்?

பூ மலரும் முன்பே மொட்டைப் பிரிப்பார். அதன் மகரந்தத் தாள்களை நீக்கிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, பூச்சி அண்டாமல் சின்னப் பையால் மூடுவார். விதை வந்ததும் எண்ணுவார். விதையின் வடிவம், நிறம், செடியின் உயரம் என ஏழு பண்புகளை இப்படிப் பின்தொடர்ந்தார். 1863 வரை சுமார் 28,000 செடிகள்!

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் தொலைந்தே போனதா? இல்லை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியது. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மற்ற பண்புகளிலும் அதே விகிதம்தான்.

இதிலிருந்து அவர் கண்டது இதுதான்: பெற்றோரின் பண்புகள் பாலும் தண்ணியும் மாதிரி கலந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பண்புக்கும் அப்பாவிடமிருந்து ஒரு கூறு, அம்மாவிடமிருந்து ஒரு கூறு வருகிறது. ஒன்று ஓங்கி நிற்கும்போது மற்றது ஒடுங்கி இருக்கும், அழியாது. இன்று நாம் மரபணு என்று சொல்வதன் அடிப்படை இங்கேதான் இருக்கிறது.

40 பிரதிகள்

1865 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் புரூன் இயற்கை அறிவியல் சங்கத்தில் இதை விளக்கினார். வந்திருந்தவர்கள் சுமார் 40 பேர். தாவரத்தைப் பற்றிப் பேச வந்தவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது பலருக்குப் புரியவில்லை. 1866-ல் கட்டுரை அச்சானது. தனிப் பிரதிகள் 40 வாங்கி, அறிஞர்கள் சிலருக்கு அனுப்பினார். பாராட்டே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த ஆள் இல்லை அவர். யாராவது புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தது.

மியூனிக்கின் புகழ்பெற்ற தாவரவியலாளர் நேகெலி பதில் எழுதினார். ஆனால், முடிவை ஏற்கவில்லை. தான் ஆராய்ந்துவந்த ஹைராசியம் என்ற செடியில் சோதிக்கத் தூண்டினார். அந்தச் செடியோ பெரும்பாலும் கருவுறாமலேயே விதை விடும் ரகம். அது அப்போது யாருக்கும் தெரியாது. கண் வலிக்க வலிக்க உழைத்தும் பட்டாணிக் கணக்கு அதில் சரியாக வரவில்லை. வராத முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார் மெண்டல்.

கூட்டம் வந்தது... வேறொன்றுக்கு!

1868-ல் மடத்தின் தலைவரானார். ஊரில் செல்வாக்கு கூடியது. மடத்தின் மீது போட்ட வரியை எதிர்த்து அரசோடு கடைசி வரை மல்லுக்கு நின்றார். 1884 ஜனவரி 6-ல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் பெருங்கூட்டம் திரண்டது. வந்தவர்கள் வழியனுப்பியது மடாதிபதியை. மரபியலின் தந்தையை அல்ல. 1900-ல்தான் டி விரீஸ், காரென்ஸ், செர்மாக் ஆகிய மூன்று பேர் தனித்தனியாக அதே விதிகளை எட்டி, பழைய கட்டுரையையும் கண்டெடுத்தார்கள்.

அப்போ, எப்போது ஜெயித்தார்?

1900-ல் என்று சொல்லத் தோன்றும். ஆனால், அதுவும் ஒருவகையில் லைக் கணக்குதானே? லைக் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். யாருமே கண்டெடுக்காமல் போயிருந்தாலும் அந்த மூன்றுக்கு ஒன்று சரியாகத்தான் இருந்திருக்கும். தோட்டத்தில் கணக்கு நேரான அன்றைக்கே அவர் வேலை ஜெயித்துவிட்டது.

அவரிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. தங்கையின் சீதனப் பணத்தை அவர் மறக்கவில்லை. தெரேசியாவின் மகன்களைப் படிக்க வைத்தார். அவர்களில் இருவர் டாக்டர்கள் ஆனார்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது நம் கையில் இல்லை. எடுத்த வேலை சரியாக வந்ததா, பட்ட கடனைத் தீர்த்தோமா என்பது நம் கையில் இருக்கிறது. இன்னைக்கு ராத்திரி போனைக் கீழே வைக்கும்போது, இந்த ரெண்டு கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே!