படிப்பை விடாத டாக்டர் முத்துலட்சுமி அம்மா

நம்ம ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரிய மனுஷியோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவோட தீர்மான நோட்டு எழுதுறதைத் தவிர வேற எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் எழுதப்போறது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பற்றி. இந்தப் பேரு உள்ள பாரத்துல நம்மில் நிறைய பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம். மாசமா இருக்கிறவங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற மகப்பேறு நிதியுதவி இவங்க பேருலதான் வருது. என் மக பிறந்த சமயம் எனக்கு 6,000 ரூபாய் வந்துச்சு. நர்சம்மா காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். இந்தப் பேருக்கு உரியவங்க யாருன்னு நான் கேட்கவே இல்லை. அவங்க நம்ம புதுக்கோட்டையில பிறந்தவங்கன்னுகூட எனக்குத் தெரியாது. பல வருஷம் கழிச்சு என் மக பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் பண்ணினா. அடுப்படியில நின்னு கேட்டப்பதான் தெரிஞ்சுகிட்டேன். அப்புறம் நூலகத்துல புத்தகம் எடுத்து முழுசாப் படிச்சேன்.

முத்துலட்சுமி அம்மா 1886-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி பிறந்தாங்க. அப்போ புதுக்கோட்டை தனி சமஸ்தானம், மன்னர் ஆட்சி. அப்பா நாராயணசாமி ஐயர். படிச்சவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அம்மா சந்திரம்மாள். அவங்க கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுற குடும்பத்துல பிறந்தவங்க. அந்த அம்மாவைத் துணையா ஏத்துக்கிட்டதால அப்பாவை அவரோட சொந்தக்காரங்களே ஒதுக்கி வச்சாங்க. அதனால சின்ன வயசிலேயே ஊர்ப் பேச்சு என்னன்னு முத்துலட்சுமிக்குத் தெரிஞ்சிருக்கும்.

பள்ளிக்கூடத்துல நல்லாப் படிச்சாங்க. ஆனா வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்துல அதுதான் வழக்கம். பெரிய மனுஷி ஆன பொண்ணு ஆம்பளைப் பிள்ளைகளோட உட்கார்ந்து படிக்கக் கூடாது. அம்மாவுக்கு மகளை நேரத்தோட கட்டிக் கொடுத்துடணும்னு எண்ணம். அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அவங்க பிறந்த குடும்பத்துல பொண்ணுக்கு ஒரு கல்யாணம், ஒரு வீடு அமையுறதே பெரிய பாடு. மகளுக்காவது அது கிடைக்கணும்னு நினைச்சிருப்பாங்க.

இங்கேதான் கதை திரும்புது. பள்ளிக்கூடம் நின்னுச்சே தவிர படிப்பு நிற்கலை. வீட்டுக்குள்ளேயே பாடம் நடந்துச்சு. அந்தப் பொண்ணும் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம், படிக்கணும்னு உறுதியா நின்னாங்க. 1902-ஆம் வருஷம் வீட்டில இருந்தே மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதி பாஸ் பண்ணினாங்க. நம்ம பத்தாம் வகுப்பு மாதிரி அது. அப்போ அவங்களுக்கு வயசு 16.

நானும் 16 வயசுலதான் பத்தாவது முடிச்சேன். 371 மார்க். பிளஸ் ஒன் படிக்கணும்னா டவுனுக்கு பஸ்ல போகணும். பொண்ணு தனியா பஸ்ல போறதா, வேண்டாம்னு எங்க அப்பா முடிவு பண்ணினார். யாரும் சண்டை போடலை, நானும் போடலை. மார்க் ஷீட்டை டிரங்குப் பெட்டியில வச்சுட்டு களை எடுக்கப் போனேன். 19 வயசுல கல்யாணம். அதனால அந்த அம்மா கதையில இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன்.

மெட்ரிகுலேஷன் முடிச்சவங்களுக்கு அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில இருந்தது ஒரே மகாராஜா கல்லூரி. அது ஆம்பளைப் பிள்ளைகள் மட்டும் படிச்ச கல்லூரி. முத்துலட்சுமி விண்ணப்பம் போட்டாங்க. பொண்ணு வந்தா பையன்கள் மனசு கெட்டுப்போகும்னு எதிர்ப்பு வந்துச்சு. அவங்க அம்மாவோட குலத்தையும் இழுத்துப் பேசினாங்க. விஷயம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் வரைக்கும் போச்சு. அவர் சேர்த்துக்கச் சொல்லி உத்தரவு போட்டார், படிக்க உதவித்தொகையும் கொடுத்தார். அத்தனை பையன்களுக்கு நடுவுல ஒரே ஒரு பொண்ணு. அவங்க உட்கார்ற இடத்துக்கும் பையன்கள் உட்கார்ற இடத்துக்கும் நடுவுல திரை போட்டிருந்தாங்க. திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து பாடம் கேட்டு அந்த இரண்டு வருஷப் படிப்பையும் முடிச்சாங்க. அது நம்ம பிளஸ் டூ மாதிரி.

அதுக்கு மேல 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்தாங்க. புதுக்கோட்டையை விட்டு அவ்வளவு தூரம். உடம்பும் அவங்களுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அங்கே அறுவை சிகிச்சை சொல்லித் தர்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருத்தர் பொண்ணுங்களைத் தன் வகுப்புல விட மாட்டாராம். முத்துலட்சுமி அம்மா அந்தப் பாடத்துலேயே முதல் மார்க் வாங்கின பிறகுதான் அவர் மனசு மாறுச்சு. 1912-இல் டாக்டர் பட்டத்தோட வெளியே வந்தாங்க, நிறைய பதக்கங்களும் வாங்கியிருந்தாங்க. அப்போ வயசு 26. கணக்குப் பாருங்க சகோதரிகளே. வயசுக்கு வந்ததும் நிறுத்தின படிப்பு 26 வயசு வரைக்கும் போயிருக்கு. ஒரே தாவுல இல்லை. முதல்ல மெட்ரிக், அப்புறம் ரெண்டு வருஷம், அப்புறம் அஞ்சு வருஷம். ஒவ்வொரு தடவையும் போதும்னு சொல்றதுக்கு ஆள் இருந்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்துவிட ஒருத்தரும் இருந்திருக்காங்க.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. தன்னைச் சமமா மதிக்கணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாதுன்னு முன்னாடியே பேசி ஒத்துக்கிட்ட பிறகுதான் சம்மதிச்சாங்க. ஒரு பொண்ணு தன் கல்யாணத்துக்குத் தானே நிபந்தனை சொல்ல முடிஞ்சதுன்னா, கையில படிப்பும் தொழிலும் இருந்ததாலதான்.

1927-இல் சென்னை சட்ட மேலவையில உட்கார்ந்தாங்க. அந்தச் சபையோட முதல் பெண் உறுப்பினர் அவங்கதான். துணைத் தலைவராவும் அவங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்த நாற்காலியை அவங்க சும்மா விடலை. பொண்ணுங்களுக்குக் கல்யாண வயசு 16-ஆவது இருக்கணும், பையன்களுக்கு 21 இருக்கணும்னு சபையில கேட்டாங்க. 1929-இல் நாடு முழுசுக்கும் வந்த சாரதா சட்டத்துல பொண்ணுக்கு 14, பையனுக்கு 18-ன்னுதான் வச்சாங்க. கேட்டது முழுசாக் கிடைக்கலைன்னாலும் ஒரு வேலி போட்டாச்சு. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுற வழக்கத்தை ஒழிக்கணும்னும் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டாங்க. தன் அம்மா பிறந்த குலத்துப் பொண்ணுங்களுக்காக, அதே குலத்துல சில பேரு எதிர்த்தும் நின்னாங்க. அந்தச் சட்டம் முழுசா நிறைவேறினது 1947-இல். காந்தியைக் கைது பண்ணினதைக் கண்டிச்சு 1930-இல் சபைப் பதவியையே வேண்டாம்னு விட்டுட்டாங்க.

என்னை ரொம்ப யோசிக்க வச்ச இன்னொரு வேலை இருக்கு. 1928-இல் நாட்டுல படிப்பு எப்படி இருக்குன்னு பார்க்க ஹார்ட்டாக் குழுன்னு ஒரு குழு போட்டாங்க. அதுல முத்துலட்சுமி அம்மாவும் உறுப்பினர். ஊர் ஊராப் போய்ப் பார்த்தாங்க. அந்தக் குழு ஒரு கணக்குச் சொல்லுச்சு. 1922-23-இல் முதல் வகுப்புல 100 பிள்ளைங்க இருந்தா, 1925-26-இல் நாலாம் வகுப்புல இருந்தது 18 பேர்தான். மீதி 82 பேர் நடுவுல நின்னவங்க, இல்லேன்னா அதே வகுப்புல தேங்கினவங்க. பள்ளிக்கூடம் கட்டினா மட்டும் போதாது, சேர்ந்த பிள்ளை நிக்காம பார்க்கணும்கிறது அந்தக் கணக்குல இருந்து தெரிஞ்சுது.

பொட்டுக் கட்டுற வழக்கத்துல இருந்து தப்பிச்சு வந்த பொண்ணுங்களுக்கு விடுதியில இடம் கொடுக்க ஆளில்லாம இருந்துச்சு. முத்துலட்சுமி அம்மா தன் வீட்டிலேயே வச்சுக்கிட்டாங்க. அப்படித் தொடங்கினதுதான் அவ்வை இல்லம். சோறு போட்டதோட நிறுத்தலை, அந்தப் பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க. அடையாறுல அது இன்னைக்கும் நடக்குது. தங்கச்சி ஒருத்தர் புற்றுநோயில இறந்த துக்கம் அவங்க மனசை விட்டுப் போகலை. பல வருஷம் அலைஞ்சு, அடையாறுல புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தாங்க. 1952-இல் அடிக்கல், 1954-இல் திறப்பு. நம்ம பக்கத்துல இருந்தும் எத்தனையோ பேர் அங்கே வைத்தியத்துக்குப் போயிருக்காங்க. 1956-இல் பத்ம பூஷண் விருது. 1968 ஜூலை 22-இல் காலமானாங்க. 82 வயசு நிறைய எட்டு நாள்தான் பாக்கி.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். புத்தகம் படிச்சு முடிச்சதும் எங்க குழுவோட உள்கடன் நோட்டைப் பின்னாடி இருந்து புரட்டிப் பார்த்தேன். எட்டு வருஷத்துல பொண்ணுங்க சடங்குக்கு மட்டும் 11 கடன் கொடுத்திருக்கோம். பொண்ணு படிப்புக்குக் கொடுத்தது 2. அந்த 11-இல் ஒண்ணு என்னுது. என் மக வயசுக்கு வந்தப்போ பந்தல், மைக் செட், சாப்பாடுன்னு 30,000 ரூபாய் வாங்கினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கலை. தீர்மானத்தை எழுதினவளும் நான்தான். முத்துலட்சுமி அம்மாவை நிறுத்தின அதே நாளைத்தான் நாம கடன் வாங்கிக் கொண்டாடுறோம்.

போன வருஷம் என் மக பத்தாவது பாஸ் பண்ணினா. என் மாமியாருக்குப் பேத்தியை மில் வேலைக்கு அனுப்பிட்டு நகை சேர்க்கலாம்னு எண்ணம். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. அவர் ஒண்ணும் சொல்லலைன்னா அத்தை சொன்னது நடந்துடும். சட்டம் கட்டாயமாப் படிக்க வைக்கிறது 14 வயசு வரைக்கும்தான். அதுக்கு மேல படிக்க வைக்கிறது நம்ம கையில இருக்கு. நான் 20 வருஷத்துக்கு முன்னாடி போடாத சண்டையை இப்போ போட்டேன். சண்டைன்னா சத்தம் இல்லை. டிரங்குப் பெட்டியில இருந்த என் மார்க் ஷீட்டை எடுத்து அவர் கையில கொடுத்தேன். எனக்கு 371 மார்க்குன்னு அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துட்டு, பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டார்.

இப்போ மக பிளஸ் ஒன் படிக்கிறா. காலையில 7.40 பஸ். மாமியார் கொஞ்ச நாள் என்கூடப் பேசலை. இப்போ பேத்திக்கு டிபன் பாக்ஸ்ல சோறு அவங்கதான் வைக்கிறாங்க. பிளஸ் டூவுக்கு மேல என்ன ஆகும்னு இப்பவே சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு மேல்படிப்புக்குப் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வருது. அது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேருல உள்ள திட்டம். பொட்டுக் கட்டுறதை எதிர்த்துப் போராடினவங்கதான் அவங்களும். பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் அது ஆகும். மீதிக்குத்தான் குழு இருக்கே.

எங்க குழுவுல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். பத்தாவதுக்கு மேல பிள்ளை படிக்கக் கேட்கிற கடனுக்கு முதல் இடம், வட்டியும் பாதி. ஒவ்வொரு ஜூன் மாசக் கூட்டத்துலயும், பத்தாவது முடிச்ச பிள்ளைங்க பேரை வாசிச்சு, எங்கே சேர்ந்திருக்காங்கன்னு கேட்டு நோட்டுல எழுதணும். இந்த வருஷம் 5 பேர் வாசிச்சோம். 4 பேர் சேர்ந்துட்டாங்க. ஒரு பொண்ணு வீட்டில இருக்கா. அவ அம்மாவைப் பார்க்க நாங்க மூணு பேரு ரெண்டு தடவை போயிட்டு வந்தோம். மறுபடியும் போவோம்.

உங்க குழுவோட உள்கடன் நோட்டையும் ஒரு தடவை பின்னாடி இருந்து புரட்டிப் பாருங்க சகோதரிகளே.